மேசை அக்காவுக்கு ஒரு நம்பகமான வண்டி

உள்நாட்டில் செய்த கார் நம்பகமானதா, வெளிநாட்டிலிருந்து இறக்கிய கார் நம்பகமானதா என்ற கேள்விக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை என்றால், கேட்டவர்கள் யாரும் எங்கள் தெரு முனையில் இருக்கும் கார் பட்டறைக்கு வந்து கேட்கவில்லை என்று அர்த்தம். வந்திருந்தால் ஒன்றுக்கு இரண்டு பதில் கிடைத்திருக்கும். இரண்டும் முடிவானவை. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. இரண்டும் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காதவை.

பட்டறை ஒன்றுதான். நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இடது பக்கம் உள்நாட்டுக் கார்கள். வலது பக்கம் வெளிநாட்டுக் கார்கள். இடது பக்கத்தை ஆள்பவர் மேசை அக்காவின் கணவர். வலது பக்கத்தை ஆள்பவர் அக்காவின் தம்பி. சுவர் முடிகிற இடத்தில், தெருவைப் பார்த்து, இரண்டு ராஜ்யத்துக்கும் பொதுவாக ஒரு மேசை. அந்த மேசையில்தான் அக்கா உட்கார்ந்திருப்பார். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அவரை 'மேசை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். இது அவருடைய கதை. இடையிடையே அந்த இரண்டு ஆண்களும் தலைகாட்டுவார்கள். அதைத் தடுக்க அக்காவாலேயே முடிந்ததில்லை, நான் எம்மாத்திரம்?

அக்காவின் வேலை என்ன என்று கேட்டால் சாவி வாங்கி வைப்பது என்பார். அது தன்னடக்கம். உண்மையான வேலை வேறு. கார் வைத்திருக்கும் யாருக்கும் அதில் என்ன கெட்டிருக்கிறது என்று தெரியாது. அது என்ன சத்தம் போடுகிறது என்று மட்டும்தான் தெரியும். அதையும் வாயால் செய்துகாட்ட வெட்கம். சலவைச் சட்டையும் தங்க விளிம்புக் கண்ணாடியுமாக வந்து நிற்கிற மனிதர் நாலு பேர் முன்னால் 'க்ர்ர்ர்' என்று எப்படிச் சொல்வார்? அதனால் அக்காவே தொடங்கிவைப்பார்.

"க்ர்ர்ரா, இல்ல க்றீச்சா?"

"க்றீச்தான்... ஆனா கொஞ்சம் ஈரமா."

"இப்படியா? க்ற்ற்...ஈச்ச்."

"அதேதான் அக்கா! எங்க வீட்டுல வந்து கேட்டீங்களா?"

சத்தம் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வடிவத்துக்கு வந்ததும், அக்கா எழுந்து சுவரோரம் போய், எந்தப் பக்கத்து வண்டியோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, ஒரு தடவை ஒலிப்பார். உள்ளேயிருந்து, தலையை நிமிர்த்தாமலே, "பெல்ட்" என்றோ "பேரிங்" என்றோ பதில் வரும். நோய் தெரிந்தாயிற்று. மருந்துதான் பாக்கி. எத்தனையோ வருஷமாக அந்தப் பட்டறை ஓடியது இப்படித்தான். அக்கா இல்லாத ஒரு நாளில் துணிக்கடைக்காரர் ஒருவர் தாமாகவே வாயைத் திறந்து 'கீய்ங்' என்று சொல்லப்போக, அவருடைய பிரேக் முழுவதையும் மாற்றி அனுப்பினார்கள். 'கீய்ங்' அப்படியே இருந்தது. பின் சீட்டுக்கு அடியில் அவர் பிள்ளையின் ரப்பர் வாத்து இருந்தது.

இனி அந்த இரண்டு ஆண்கள். இவர்களுக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் 'உள்நாடு', 'வெளிநாடு'. உள்நாடு என்றால் கணவர். வெளிநாடு என்றால் தம்பி. வாசகர்கள் இதை இங்கேயே மனதில் போட்டுக்கொள்வது நல்லது. ஏனென்றால் அடுத்து வருவது கொஞ்சம் தலைசுற்றும்.

உள்நாட்டுக் காரைப் பற்றி உள்நாட்டாரின் கருத்து மிக மோசமானது. காலையிலிருந்து மாலைவரை அவர் பார்ப்பதெல்லாம் அதன் படுத்த உடம்பைத்தானே. ஒரு நாள் திருகு கழன்று வரும், ஒரு நாள் வயர் உருகி வரும், ஒரு நாள் கதவு கையோடு வரும். மூலைக் கடையில் பாகம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மூலைக் கடைக்காரருக்கும் நமக்கும் சொந்தம் ஏற்படுகிற அளவுக்கா போய் நிற்பது என்பது அவர் கேள்வி. ஆகவே அவர் தன் சொந்த உபயோகத்துக்கு வாங்கி வைத்திருந்தது ஒரு வெளிநாட்டுக் கார்.

வெளிநாட்டுக் காரைப் பற்றி வெளிநாட்டாரின் கருத்து அதைவிட மோசமானது. அது லேசில் படுக்காது. படுத்தால் கப்பல் வந்து எழுப்பினால்தான் எழும். வலி எங்கே என்று சொல்லாது. பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி ஒரு மஞ்சள் விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கேட்டால் கம்ப்யூட்டரைக் கூப்பிடு என்னும். அவர் தன் உபயோகத்துக்கு வாங்கி வைத்திருந்தது ஒரு உள்நாட்டுக் கார். தட்டினால் ஓடும், திட்டினாலும் ஓடும் என்பார்.

ஆக, உள்நாட்டுக் காரைப் பழுதுபார்ப்பவர் வெளிநாட்டுக் காரில் வருவார்; வெளிநாட்டுக் காரைப் பழுதுபார்ப்பவர் உள்நாட்டுக் காரில் வருவார். வந்து இறங்கியதும் ஒருவர் வண்டியை ஒருவர் ஏற இறங்கப் பார்த்து, இன்னுமா இது ஓடுகிறது என்று அனுதாபத்தோடு விசாரித்துக்கொள்வார்கள். சுவருக்கு மேலே விவாதம் நாள் முழுக்கப் பறக்கும். ஒரு தடவை அக்கா பொறுக்க முடியாமல் சொன்னார்.

"உங்க ரெண்டு பேர்கிட்ட வர்றதெல்லாம் படுத்த வண்டி. நல்லா ஓடுற வண்டி இங்க எதுக்கு வரப்போகுது? ஆஸ்பத்திரி வாசல்ல உட்கார்ந்துக்கிட்டு, ஊர்ல எல்லாருக்கும் காய்ச்சல்னு சண்டை போடுறீங்க."

இரு தரப்பும் இதை ஆழ்ந்து யோசித்து, இது அடுத்த பக்கத்துக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டது.

இப்படி ஆஸ்பத்திரியை உவமையாகச் சொல்லிக்கொண்டிருந்த அக்காவுக்கு நிஜ ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தது. கால் வீங்கியது. முகம் ஊதியது. பரிசோதனை செய்தார்கள். இரண்டு சிறுநீரகமும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வேலையை நிறுத்திவிட்டன என்று டாக்டர் சொன்னார். அக்கா வெளியே வந்து, காத்திருந்த என்னைப் போன்றவர்களிடம் விவரத்தைச் சொல்லிவிட்டு, "ரெண்டுமே உள்நாட்டுச் சரக்கு. என் தம்பிகிட்ட சொல்லாதீங்க, மனசு உடைஞ்சிடுவான்" என்றார். நாங்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றோம். அவர்தான் முதலில் சிரித்தார்.

அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் உள்ளூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு எந்திரத்தில் அலசி, திரும்ப உள்ளே விடுகிற வேலை. முதல் நாள் துணைக்குப் போன தம்பி, அக்காவின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்வதற்கு முன்னால், எந்திரத்துக்குப் பின்பக்கம் போய்க் குனிந்து எந்த நாட்டில் செய்தது என்று பார்த்தார். பார்த்துவிட்டு வந்தவர் முகம் செத்திருந்தது. மறுமுறை துணைக்குப் போன கணவர் அதே இடத்தில் குனிந்து பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டார்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் நல்லது என்றார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு கையைத் தூக்கினார்கள். கணவருடைய ரத்த வகை ஒத்துவரவில்லை. தம்பிக்குச் சர்க்கரை இருப்பது அன்றுதான் தெரிந்தது. ஊரில் எந்தக் காருக்கு எந்தப் பாகம் கேட்டாலும் எங்கிருந்தாவது கொண்டுவந்து மாட்டிவிடுகிற இரண்டு பேரும், ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கம் பக்கமாக உட்கார்ந்து, கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டிருந்தார்கள். இடையில் சுவர் இல்லாமல் அவர்கள் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

பிறகு, இறந்துபோகிறவர்களின் குடும்பம் மனம் வைத்துத் தருகிற உறுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலில் அக்காவின் பெயர் ஏறியது. அறுவை செய்கிற பெரிய ஆஸ்பத்திரி தூரத்து நகரத்தில் இருந்தது. அங்கே இதற்கென்றே இருக்கிற அம்மையார், தெளிவாகச் சொல்லி அனுப்பினார். எப்போது கூப்பிடுவோம் என்று எங்களுக்கே தெரியாது. கூப்பிட்டால் உடனே வர வேண்டும். தாமதமானால் அடுத்தவருக்குப் போய்விடும். அத்தோடு விட்டிருக்கலாம். கிளம்பும்போது, "நம்பகமான வண்டி ஒண்ணு எப்பவும் தயாரா வச்சுக்கங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார். பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அன்று தொடங்கிய யுத்தத்தை விவரிக்கப் போவதில்லை. முடிவில் அக்கா ஒரு சட்டம் போட்டார். இரண்டு பேருடைய சொந்தக் காரும் தினமும் பட்டறைக்குப் பின்னால் திறந்தவெளியில் தயாராக நிற்க வேண்டும். சாவி இரண்டும் தன் மேசை ஓரத்துக் கொக்கியில் தொங்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் அந்த இரண்டு வண்டியில் கை வைக்கக் கூடாது. சட்டம் நல்ல சட்டம். ஒரு மெக்கானிக்கிடம் ஓடுகிற வண்டியைக் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காதே என்று சொல்வது மனித இயல்புக்கு ஒத்துவருமா என்பதை மட்டும் அக்கா யோசிக்கவில்லை.

இங்கே மூன்றாவதாக ஒரு வண்டியும் வருகிறது. அது டிரைவிங் ஸ்கூல் வண்டி. பச்சை நிறம். உடம்பில் கீறல் இல்லாத இடம் கூரை மட்டும்தான். அதை நடத்துகிற பெண்மணியை எல்லோரும் டீச்சர் என்பார்கள். ஊரில் பாதிப் பேருக்கு கியர் போடக் கற்றுக்கொடுத்தவர். அந்தப் பாதிப் பேரும் கியர் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததால் எதற்கும் அசராதவர். அந்த வண்டிக்கு ஹார்ன் போய்விட்டது. கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். பிரச்சினை அப்போதுதான் வந்தது. எந்தப் பக்கம் விடுவது? வண்டியின் பெயர் வெளிநாட்டுக் கம்பெனிப் பெயர். செய்தது இங்கே. எஞ்சினோ வேறொரு நாட்டிலிருந்து பெட்டியில் வந்தது. பெயரைப் பார்க்கணும், அது உன் பக்கம் என்றார் கணவர். பிறந்த இடத்தைப் பார்க்கணும், அது உங்கள் பக்கம் என்றார் தம்பி. இரண்டு பேரும் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்ததில் ஹார்னுக்கு யாரும் கிடைக்கவில்லை. டீச்சர் தினமும் வகுப்பு முடிந்ததும் வந்து வாசலில் நிறுத்துவார், இன்னும் தீர்ப்பு வரவில்லையா என்று கேட்டுக்கொண்டு போவார்.

அந்தக் காலையும் அப்படி வந்து நின்றார். பக்கத்தில் அவருடைய மாணவர். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டாவது கியருக்கு மேலே போட்டால் ஆபத்து என்று உறுதியாக நம்புகிறவர்.

முந்தின நாள் டயாலிசிஸ் முடிந்த களைப்பில் அக்கா நாற்காலியிலேயே கண் அசந்திருந்தார். அவர் கண் அசந்த அந்தச் சிறு பொழுதில்தான் சட்டம் மீறப்பட்டிருந்தது. காலையில் கணவரின் வெளிநாட்டுக் கார் உள்ளே வரும்போது அதன் மஞ்சள் விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்ததைத் தம்பி பார்த்துவிட்டார். அக்காவை ஏற்றிக்கொண்டு போகிற வழியில் இது நின்றால்? மைத்துனரிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். சாவியை எடுத்தார், வண்டியை வலது பக்கத்துக்குத் தள்ளினார், லேசாகப் பிரித்துப் பார்த்தார். பிறகு லேசாக இல்லாமல் பார்த்தார்.

அதே சமயம், தம்பியின் உள்நாட்டுக் கார் சும்மா நிற்கும்போது ஒரு பக்கமாக நடுங்கியதைக் கணவர் கவனித்திருந்தார். மனைவியின் உயிர் சமாச்சாரம். மச்சானிடம் சொன்னால் சிரிப்பான். கொக்கியில் மிச்சமிருந்த சாவியை எடுத்தார், தன் வண்டி நின்ற இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அதை இடது பக்கத்துக்குக் கொண்டுபோனார். அவரும் லேசாகத்தான் தொடங்கினார். இருவருக்கும் இதில் பாதி அன்பு, பாதி அகங்காரம். எந்தப் பாதி பெரிது என்று அளக்கிற கருவி அந்தப் பட்டறையில் இல்லை. ஒவ்வொருவரும், தன் வண்டி முழுசாக வெளியே நிற்கிறதே, அது போதாதா என்ற தைரியத்தில் அடுத்தவர் வண்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது போன் அடித்தது.

அக்கா எடுத்தார். கேட்டுக்கொண்டே எழுந்து நின்றார். "சரிம்மா", "இல்லம்மா, காலையில சாப்பிட்டதுதான்", "சரிம்மா, இனி எதுவும் சாப்பிடல". பிறகு போனை வைத்தார். சுவரோரம் போனார். எல்லோருக்கும் ஏதோ ஒரு வண்டியின் சத்தம் வரப்போகிறது என்றிருந்தது.

"கூப்பிட்டுட்டாங்க," என்றார்.

இரண்டு பக்கத்திலும் எதுவோ கீழே விழுந்தது. கணவரும் தம்பியும் ஒரே சமயத்தில் பின்னால் திறந்தவெளிக்கு ஓடினார்கள். அங்கே இரண்டு எண்ணெய்க் கறைகள் இருந்தன. வண்டி இல்லை.

"என் வண்டி எங்க, மச்சான்?"

"என் வண்டி எங்க, அத்தான்?"

தம்பியின் பார்வை மெல்ல இறங்கி, மைத்துனர் கையில் இருந்த பொருள்மேல் நின்றது. அதை அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய எஞ்சினின் ஒரு பகுதி. கணவர் அதைப் பின்னால் மறைத்தார். மறைத்துவிட்டு, தம்பியின் தோளில் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தார்.

அக்கா திட்டவில்லை. அதுதான் அவர்களைக் கொன்றது. "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையைச் செஞ்சிருக்கீங்க. இத்தனை வருஷத்துல முதல் தடவை," என்று மட்டும் சொல்லிவிட்டு, கீழே குனிந்து, எப்போதும் தயாராக வைத்திருந்த பையை எடுத்தார். பட்டியலில் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று போனில் சொன்னதை அவர் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

டாக்சிக்குப் போன் செய்யத் தம்பி பித்தானை அழுத்தத் தெரியாமல் அழுத்திக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. டீச்சர் பச்சை வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறுங்க."

"டீச்சர், அதுல ஹார்ன்..." என்றார் கணவர்.

"போறதுக்குச் சக்கரம் போதும். ஏறுங்க சார் நீங்களும்."

யாருக்கும் நம்பிக்கை இல்லாத, எந்தப் பக்கமும் சேர்க்கப்படாத, அந்த ஒரே காரணத்தால் யாரும் கை வைக்காமல் விட்ட ஒரு வண்டி அந்தப் பட்டறை வாசலில் முழுசாக நின்றது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பிடிவாதக்காரர்கள்மேல் ஒரு நன்றி சுரக்கிறது. அவர்களில் ஒருவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தாலும் அதுவும் பிரிந்து கிடந்திருக்கும்.

மேனேஜரை இறக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை. இறங்கச் சொல்லாததால் அவரும் இறங்கவில்லை. டீச்சர் ஓட்ட உட்கார்ந்ததும் அவர் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தார். பின்னால் இடது ஓரம் கணவர், வலது ஓரம் தம்பி, நடுவில் அக்கா. பட்டறை அப்படியே சக்கரத்தின்மேல் ஏறிவிட்டது போல இருந்தது. எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொள்கிறேன் என்று கத்தினார். தெருவில் நின்ற நாங்கள் கையாட்டினோம். பிரிந்து கிடந்த இரண்டு வண்டியும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தன.

இனி நடந்ததெல்லாம் அக்காவும் மற்றவர்களும் சொல்லிக் கேட்டது. ஊரைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. தாண்டியதும் வண்டி ஒரு முனகல் முனகியது. "பேரிங்," என்று முணுமுணுத்தார் கணவர். "கியர் பாக்ஸ், அத்தான்," என்றார் தம்பி. "ரெண்டு பேரும் ஜன்னல் வழியா மரத்தைப் பாருங்க," என்றார் அக்கா. பார்த்தார்கள். கொஞ்ச தூரத்தில் கருகல் வாடை வந்தது. வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. டீச்சர் எவ்வளவு மிதித்தும் எதுவோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி ஊர்ந்தது. பக்கத்தில் சைக்கிள்காரர் ஒருவர் முந்திக்கொண்டு போனார். போகும்போது அனுதாபமாகத் திரும்பிப் பார்த்தார்.

"பிரேக் ஒட்டிக்கிச்சு. ஓரமா நிறுத்துங்க டீச்சர், சக்கரத்தைக் கழட்டிடலாம்," என்றார் கணவர்.

"கிளட்ச் கருகுது. நிறுத்துங்க, கீழ படுத்துப் பார்த்துடுறேன்," என்றார் தம்பி. அவர் கையில் ஸ்பேனர் வேறு இருந்தது. எடுத்துவந்தது அவருக்கே தெரியாது.

டீச்சர் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். முடிவு உங்களுடையது என்கிற பார்வை. எங்கோ இன்னும் இரண்டு பேர் இரண்டு வண்டியில் அதே ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வண்டியிலெல்லாம் மெக்கானிக் இருக்க மாட்டார்கள், அதனால் அது ஓடும். அக்கா அழவில்லை. இரண்டு கையாலும் இரண்டு பேரின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார்.

"உலகத்துல இந்த ஒரு வண்டிதான் இன்னும் பிரிக்காம இருக்கு. இது பிரிக்கப்படாது," என்றார்.

நடுவில் உட்கார்ந்தவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. முன் இருக்கை இரண்டுக்கும் நடுவே இருக்கிற சந்து வழியாகக் கீழே பார்க்கலாம். வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல் அக்கா அங்கே பார்த்தார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு, சொல்லிக்கொடுப்பவர் மிதிப்பதற்காக. அந்த பிரேக்மேல் ஒரு பளபளப்பான கறுப்பு ஷூ அழுந்தி இருந்தது.

"மேனேஜர் சார், உங்க கால் எங்க இருக்கு?"

மேனேஜர் தன் காலைத் தேடிக் கண்டுபிடித்தார். "வேகமா போறாங்களேன்னு... தானா போயிடுச்சும்மா," என்றார். அந்தக் கணத்தில் அவர் காலை எடுத்தார். வண்டி கட்டவிழ்த்து விட்டாற்போலப் பாய்ந்தது. டீச்சர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், காலைச் சீட்டுமேலே தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். மேனேஜர் ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மிச்ச தூரம் முழுவதும் அப்படியே பயணம் செய்தார். பின்னால் இரண்டு மெக்கானிக்குகளும் வெகுநேரம் மரத்தைப் பார்த்தார்கள். யாரும் சொல்லாமலே பார்த்தார்கள்.

நகரத்துக்குள் நுழைந்ததும் ஹார்ன் இல்லாத குறை தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற சந்தில் ஒரு சாமான் வண்டி குறுக்கே நின்றிருந்தது. ஓட்டுநர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மேனேஜர் கண்ணைத் திறந்து, ஜன்னலுக்கு வெளியே, தயவுசெய்து கொஞ்சம் என்று தொடங்கினார். வங்கியில் அது போதுமாக இருந்திருக்கும். அக்கா கணவரைத் தாண்டி ஜன்னலுக்கு எட்டி, மூச்சைக் கூட்டி, பின்னால் பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் வருகிறது என்று யாரும் சத்தியம் செய்கிற மாதிரி ஒரு ஹார்ன் அடித்தார். சாமான் வண்டிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாவி ஏறி வண்டியை எடுத்தவர், சந்து முனைவரை நிற்கவில்லை.

போய்ச் சேர்ந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். அக்காவோடு சேர்த்துக் கூப்பிட்டிருந்த மூன்று பேரும் ஒரே அறையில் காத்திருந்தார்கள். ஒருவருக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னொருவர் ஒரு இளம்பெண், பள்ளிக்கூட ஆசிரியை. அவருக்குப் பொருந்தியது, ஆனால் உடம்பில் காய்ச்சல் இருந்தது. காய்ச்சலோடு செய்ய முடியாது என்றார்கள். அடுத்துப் பொருந்தியது அக்காவுக்கு. அந்தப் பெண் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அக்காவிடம் வந்து, "எனக்கு அடுத்தது வரும். நீங்க போங்கக்கா, நல்லபடியா போங்க," என்றார். லாரி ஹார்ன் முதல் ரப்பர் வாத்து வரை உலகத்துச் சத்தமெல்லாம் வாயில் வைத்திருந்த அக்காவுக்கு அந்த நேரத்தில் ஒரு சத்தமும் வரவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டீச்சருக்கு நன்றி சொல்லக் கணவரும் தம்பியும் வாசலுக்கு ஓடினார்கள். அவர் அதற்குள் மேனேஜரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்திருந்தார். இன்றைய வகுப்பு பாக்கி இருக்கிறது, வீடுவரை அவர்தான் ஓட்டுகிறார் என்றார். மேனேஜர் மூன்றாவது கியரில் போனதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

மறுநாள் காலை. அறுவை முடிந்து, கண்ணாடிக்கு அப்பால் அக்கா படுத்திருந்தார். இவர்கள் உள்ளே போகக் கூடாது. கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்கு நின்று பார்த்தார்கள். கட்டிலின் ஓரமாக ஒரு மெல்லிய குழாய் இறங்கி, கீழே ஒரு பைக்குள் போனது. இரண்டு பேரும் ஆயுள் முழுக்கக் குழாய்களைப் பார்த்தவர்கள்.

"ஓடுதா?" என்றார் கணவர். மூக்குக் கண்ணாடியை முந்தின நாள் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தவர்.

"ஓடுது அத்தான்."

"சொட்டா, ஓட்டமா?"

"ஓட்டம். ஒரே சீரா ஓட்டம்."

அக்காவின் உடம்பிலிருந்து சிறுநீர் இறங்கி நாளாகிவிட்டிருந்தது. அது இறங்குவதைப் பார்த்து இரண்டு பெரிய மனிதர்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதது பார்க்க லட்சணமாக இல்லை. ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் அது யாருக்கும் புதிதும் இல்லை. அந்த வழியாக வந்த டாக்டரிடம் தம்பி, பழக்கதோஷத்தில், இது எங்கிருந்து வந்தது என்று கேட்க வாயெடுத்தார். கணவர் அவர் கையை அழுத்தினார்.

"வேணாம் மச்சான். யாரோ குடுத்திருக்காங்க. அவங்க வீட்டுல இன்னைக்கு என்ன நிலைமையோ."

இருவரும் டாக்டரைப் பார்த்து, எதற்கென்று சொல்லாமல், கும்பிட்டார்கள்.

உள்ளே நர்ஸ் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார். இத்தனை காலமும் நாக்கை நனைக்கிற அளவுக்குத்தான் அக்காவுக்குத் தண்ணீர். தாகம் எடுத்தால் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார். நர்ஸ் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி நீட்டினார். அக்கா அதை வாங்கி, இது முழுவதுமா என்று கையால் கேட்டார். முழுவதும்தான், இதற்கு மேலும் குடிக்கணும், நிறைய வரணும் என்று நர்ஸ் சொல்லியிருக்க வேண்டும். அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பி இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு டம்ளரை உதட்டில் வைத்து, அவசரமே இல்லாமல், கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, காலி டம்ளரை மறுபடியும் நீட்டினார்.